நீ மூச்சு வாங்கும் இடம்

அக்கா, என்ரை பாட்டுக்காரியே,

நாங்கள் இருவரும் பெயர் கொடுத்திருந்த மாஸ்டர் கிளாசுக்கு நான் தனியாகப் போய்வந்தேன். நீ செத்துப்போன பிறகு பெயரை வெட்டச் சொல்லியிருக்கலாம். "அவள் ஆசைப்பட்டவள், நீயெண்டாலும் போயிட்டு வாடா" என்று அம்மா சொன்னா. அம்மாவோடு யார் வாதாடுவது? நீ இருக்கும்போதே எங்களால் முடியவில்லை.

யாழ்ப்பாண டவுனில் ஒரு மண்டபம். பழைய தேவாலயப் பாட்டுகளும் ஒப்பராவும் பாடிப் பேர்பெற்ற ஐரோப்பியப் பெண்மணி ஒருவர் வந்திருந்தார். இளம் பாடகர்கள் ஒவ்வொருவராக மேடையேறிப் பாட, அவர் சனத்துக்கு முன்னாலேயே நிறுத்தித் திருத்துவார். "ஏச்சு வாங்கிறதைப் பாக்கவும் சனம் வருமேடா?" என்று கேட்டுச் சிரித்தாயே, வந்தது. கதிரை போதாமல் சுவரோடும் நின்றார்கள்.

எங்கள் மாதா பாட்டைத்தான் கொண்டுபோனேன். பழைய லத்தீன் பாட்டு, இரண்டு குரலுக்கு எழுதியது. கீழ்க்குரலை மட்டும் பாடினால் எப்படி இருக்கும்? மற்றப் பக்கம் பிடிக்க ஆளில்லாமல் மேசை தூக்குகிறவன் மாதிரி நின்றேன். அவருக்கு அது விளங்கியிருக்கவேண்டும். மேல்குரலைத் தானே பாடுகிறேன் என்று பக்கத்தில் வந்து நின்றார்.

நல்ல குரல், அக்கா. உன்னுடையதைவிடப் பெரியது, கோபிக்காதே. மூன்றாவது வரியின் நடுவில் நான் வழக்கம்போல ஒரு கணம் பாட்டை நிறுத்தினேன். அவர் நிற்காமல் பாடிக்கொண்டு போய்விட்டார்.

"இதிலை ஏன் நிக்கிறீர் எண்டு கேக்கிறா," என்றார் மொழிபெயர்த்த ரீச்சர். "பாட்டிலை அப்பிடி இல்லையாம். சொல் நடுவிலை முறியுதாம்."

அது நீ மூச்சு வாங்கும் இடம். உனக்கு மூச்சிழுக்கும் முட்டு வருத்தம் என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்தால் பாட விடமாட்டார்கள் என்று பயந்து, அந்த நிற்றலைப் பாட்டோடு பாட்டாக்கி, கோயில் பாடகர் குழுவுக்கும் அப்படியே பழக்கினவள் நீ. நீ ஒளித்ததை நான் மைக்கில் சொல்லவா?

"பழகினது அப்பிடி," என்றேன்.

நிற்காமல் பாடவைத்தார். முதலில் பிழைத்தது, பிறகு சரிவந்தது. வரி முழுதாக ஓடியபோது பாட்டு வடிவாய்த்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். சனம் கைதட்டியது. எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் அழுகிறான் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

குருநகருக்கு, வீட்டுக்கு, நடந்தே வந்தேன். சொல்வதற்கு ஆளில்லை, அக்கா. அம்மாவிடம் "வடிவாப் பாடினன்" என்றதோடு சரி. சோற்றைப் போட்டுவிட்டு அவ அடுப்படிக்குப் போய்விட்டா. நீ என்றால் முழுவதையும் நடித்துக் காட்டச் சொல்லியிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அதே பாட்டு. அந்த இடம் வந்ததும் குழு முழுவதும் நின்றது. நான் மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டு போய்விட்டேன். கோயில் முழுக்க என் ஒற்றைக் குரல்! பூசை முடிய, பின்வரிசை பிலோமினா என் தோளில் இடித்தாள். "என்னடா, டவுனுக்குப் போய்ப் பாட்டை மறந்திட்டியோ?"

"ஓம், மறந்திட்டன்," என்றேன்.

ஏன் நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் அத்தனை பேரும் உனக்காக நின்றார்கள். தெரிந்த நான்தான் நிற்கவில்லை. உனக்கு அந்த மூச்சு வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

இனி எந்த மண்டபத்திலும் சரியாகவே பாடுவேன். அந்தப் பெண்மணி சொன்னது சரிதான். எங்கள் கோயிலில் மட்டும் நிற்பேன். யார் கேட்டாலும் காரணம் சொல்லமாட்டேன். நீ ஆறுதலாக மூச்சை எடு, அக்கா. நான் நிற்கிறேன்.

உன்ரை கீழ்க்குரல்,
தம்பி