அப்பா ஆற்றில் விட்ட மீன்

பலெர்மோ
10.04.2016

அன்பு மகன் கிருபனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கச்சி நிரோசினி, நான் மூன்று பேரும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் கனடாக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் கதைத்தால் அப்பா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற மாதிரி ரீவியைப் பார்ப்பார். அவரைப் பற்றி அவருக்கு முன்னால் எப்படிக் கதைக்கிறது. அதுதான் எழுதி மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைக்கிறேன், தூளைக் கொட்டும்போது கடிதத்தையும் சேர்த்துக் கொட்டிவிடாதே.

நீ வன்கூவர் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு, வடக்கே ஆற்றில் மீன்பிடிக்க வருகிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரிகிற வேலைக்குப் போகப் போகிறேன், ஆனால் அப்பா ஓம் என்றால்தான் போவேன் என்று சொன்னாயே, அன்றிலிருந்து இந்த வீட்டில் நிம்மதி இல்லை. கோடைக்கு முன் நீ அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், இவரோ வாயைத் திறக்கிறார் இல்லை. நீ மீன்பிடிக்கிறதில் அவருக்குக் கோபமில்லை, முல்லைத்தீவில் அவரும் அவருடைய ஆட்களும் கடலில் நின்றவர்கள்தானே. பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விடுகிறதுதான் அவருக்கு ஏறவில்லை. நீ அனுப்பிய படத்தை நிரோசினி காட்டி, இதுக்குப் பேர் ஸ்டீல்ஹெட், கடலுக்குப் போய் வளர்ந்து வசந்தத்தில் முட்டை போட ஆற்றுக்கே வருகிற மீன் என்று விளங்கப்படுத்தினாள். அப்பா கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்து, நல்ல மீன், தலையைச் சொதி வைக்கலாம் என்றார். அண்ணா அதை விட்டிட்டாராம் என்று இவள் சொல்ல, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பசிச்சவன் பிடிச்சுத் தின்னட்டும், இல்லாட்டி அதைத் தன்ரை பாட்டிலை விடட்டும், வாயிலை கொளுவி விளையாடிப்போட்டு விடுறது என்ன தொழில் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. விடுகிற மீனுக்காக இடுப்பளவு பனித்தண்ணீரில் நிற்கிற பிள்ளையை நான் எங்கே போய்ச் சொல்ல.

இப்போது நடந்ததைக் கேள். நான் வீட்டுவேலைக்குப் போகிற இத்தாலிக்காரி சிஞ்ஞோரா எமிலியானாவுக்கு ஒரு தம்பி, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். வசந்தம் வந்தால் மலைப்பக்கம் ஆற்றில் ட்றவுட் மீன் பிடிக்கிற விசர் அவருக்கு. முழங்கால் ஏலாது, கல்லுக்குள் இறங்கத் துணை வேண்டும், உன் புருசன் வருவாரா என்று சிஞ்ஞோரா கேட்டா. நான் உடனே ஓம் என்றுவிட்டேன். அப்பாவிடம் வயது போன ஒருவரைக் கைபிடித்து நடத்துகிற வேலை என்று மட்டும்தான் சொன்னேன், மீன் என்ற சொல்லே எடுக்கவில்லை. எடுத்தால் போவாரா. ஊர்க்கடலை விட்டு வந்த நாளிலிருந்து, மொண்டெல்லோக் கடற்கரைக்கு எல்லாரும் குளிக்கப் போனாலும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிற மனிசன்.

மிச்சம் அந்த வாத்தியார் சிஞ்ஞோராவுக்குச் சொல்லி, அவ எனக்குச் சொன்னது. இரை ஒன்றும் இல்லை, இறகும் நூலும் சுற்றி ஈ மாதிரிச் செய்த தூண்டில் முள்தானாம். வாத்தியார் கால் உளைந்து கல்லில் இருந்தபோது தடியை அப்பாவின் கையில் கொடுத்திருக்கிறார், அந்த நேரம் பார்த்து மீன் கவ்விவிட்டது. அப்பா நூல் சுற்றுகிற சில்லைத் தொடவே இல்லையாம். தடியைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, ஆழ்கடலில் கைநூல் வலிக்கிற மாதிரி இரண்டு கையாலும் வலித்தாராம். பியானோ, பியானோ, மெதுவாக என்று அவர் கத்தக் கத்த, அந்த மெல்லிய நூல் அறுந்து மீன் முள்ளோடு போய்விட்டது. அப்பாவுக்கு முகம் கறுத்துப் போச்சாம். அடுத்ததை வாத்தியார் சொன்னபடி விட்டு விட்டு இழுத்துக் கரைக்கு எடுத்திருக்கிறார். வயிற்றுக்குக் கீழே கை கொடுத்ததும் சினை மீன் என்று தெரிந்துவிட்டது. இந்த அளவு மீனைக் கொண்டுபோகலாம், மனிசியிடம் கொடு என்று வாத்தியார் சொல்லியும் அப்பா கேட்கவில்லை. தண்ணீருக்குள் குனிந்தபடியே அதைத் தாங்கிக்கொண்டு நின்று, வாலடித்ததும் கையை எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு நனைந்த காற்சட்டையோடு வெறுங்கையாக வந்தவர் அதைத் தானே அலசிக் காயப்போட்டார். எனக்குக் கதை தெரிந்த பிறகு, கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே கேட்டேன், முல்லைத்தீவிலை எத்தினை சினை மீன் கறி வைச்சனான், ஒண்டைத்தன்னும் விட்டனீங்களோ என்று. வலையிலை வாறது செத்து வரும், இது கையுக்கை உயிரோடை நிண்டது என்றார். சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவினார், கனநேரம் கழுவினார். எனக்கு அழுகை வந்தது, ராசா. இந்த ஊருக்கு வந்த பிறகு அவர் மீனைப் பற்றித் தானாகக் கதைத்தது அன்றைக்குத்தான். போன ஞாயிறு யாரும் கேட்காமலே வெளிக்கிட்டு வாத்தியாரின் காருக்காக வாசலில் நின்றார்.

வேறு புதினம் பெரிதாக இல்லை. நிரோசினியின் பெர்மெசோ, இங்கே இருக்கிற அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று, வரும் வரும் என்கிறார்கள். அவள் இப்போது என்னோடு சண்டை பிடிப்பதும் இத்தாலியனில்தான், பாதி விளங்கவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். நீ பனி உருகி ஆறு பெருகுகிற நேரம் தனிய இறங்காதே. காலில் ஈரத்தோடு படுக்காதே.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்க அப்பா வந்து ஆருக்கு என்று கேட்டார். கிருபனுக்கு என்றேன். ஓம், போகட்டும் எண்டு எழுது என்றார். சினையோடை வாறதைத் தண்ணிக்கு மேலை தூக்கவேண்டாம், கையை நனைச்சுப்போட்டுத் தொடச் சொல்லு என்றார். பிறகு அறைவாசல் வரை போய்த் திரும்பி வந்து, அங்கை வாற ஆக்கள் தேப்பன் ஆரெண்டு கேட்டால், பலெர்மோவிலை மாடிப்படி கழுவுறார் எண்டு சொல்ல வேண்டாம், கடற்றொழிலாளி எண்டு சொல்லச் சொல்லு என்றார்.

நீ எந்த ஆற்றில் நின்றாலும் கால் வழுக்காமல் நீண்ட ஆயுளோடு இரு, மகன். பார்சல் கிடைத்ததும் அப்பாவின் போனுக்கு எடு, எனக்கு இல்லை.

உன் அம்மா
இ. ஞானாம்பிகை