தெருத் தண்ணீர் ஃபெயிலான நாள்

ஜூலை 8, செவ்வாய்

நெல்லித்தோப்பில் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர் இன்று பரிசோதனையில் தோற்றுவிட்டது. தெருவே கொண்டாடுகிறது.

போன மாதம் அது அமோகமாகத் தேறியிருந்தது. எதிர்வீட்டு ஸ்டெல்லாவின் மகள் மூன்றாவது முறையாக வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தண்ணீரில் குறையில்லை, குழாயை மாற்ற வேண்டியதில்லை என்று அறிக்கை வந்தது. பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவள் ஸ்டெல்லாதான். போன வாரம்தான் வாயைத் திறந்தாள்.

"கேன் தண்ணியத்தான் ஊத்திக் குடுத்தேன் சார். ஆபீஸ்லேர்ந்து வந்தவங்களுக்கு அந்தக் கலங்கல எப்படிக் குடுக்கறது?"

"அவங்க என்ன குடிக்கவா கேட்டாங்க?"

"வீட்டுக்கு வந்தவங்களாச்சே!"

விருந்தோம்பலில் எங்கள் தெருவை மிஞ்ச ஆளில்லை. இந்த முறை நானே குழாயடியில் நின்று பிடித்துக் கொடுத்தேன். இன்று அறிக்கை வந்தது: சாக்கடை கலந்திருக்கிறது, குடிக்க உகந்ததல்ல. ஸ்டெல்லா அதைப் பிடுங்கிக்கொண்டு, "ஃபெயிலு! ஃபெயிலு!" என்று வீடு வீடாக ஓடினாள். மகள் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தாலும் இப்படி ஓடியிருக்க மாட்டாள்.

மாலையே இன்ஜினியர் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். காலையில் தோண்டிப் புதுக் குழாய் போடுகிறார்கள். கோடு என் வாசற்படிமேல் ஏறிப் போகிறது. போன வருடம்தான் கிரானைட் பதித்தேன். உடைக்கட்டும். ஆட்கள் வரத் தாமதமானால் நானே ஆரம்பித்துவிடுவேன் போலிருக்கிறது. தூக்கம் வரவில்லை. கடப்பாரையைத் தேடி எடுத்து வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன்.