பின்படிக்கட்டுச் சிலைக்குக் கோல் வேண்டாம்

அனுப்புநர்:
அல்பேர்ட் தபோதரன்,
சமையற்கூட உதவிப் பொறுப்பாளர்,
லெர்ஷென்எக் மலைவிடுதி (ஊழியர் அஞ்சற்பெட்டி),
ஒபர்மூஸ், பவேரியா.

பெறுநர்:
பொறுப்பு உத்தியோகத்தர்,
மரபுரிமைக் கட்டடங்கள் பாதுகாப்புப் பிரிவு,
மாவட்ட நிர்வாக அலுவலகம்.

விடயம்: லெர்ஷென்எக் மலைவிடுதியின் பின்படிக்கட்டிலுள்ள மரச்சிலையைத் துப்புரவு செய்து, கையில் பனிச்சறுக்குக் கோல் பொருத்தி, முன்மண்டபத்துக்கு மாற்றும் ஏற்பாட்டை நிறுத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய உத்தியோகத்தர் அவர்களுக்கு,

1. கடந்த ஆண்டு ஊழியர் அறைகளின் பழைய சன்னல்கள் குறித்துத் தங்கள் பிரிவுக்கு ஜெர்மன் மொழியில் இரண்டு கடிதங்கள் எழுதினேன். எனது கோரிக்கை விளங்கவில்லை என்று பதில் வந்தது. ஆகவே இம்முறை எனக்குப் பிழையின்றி வரும் மொழியில் எழுதுகிறேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் திருமதி சுகன்யாதேவி இதை ஜெர்மனில் தருவார். முன்பொருமுறை அவர் என் வாக்கியங்களை மென்மையாக்கியது எனக்குத் தெரியும். இம்முறை அவ்வாறு செய்ய வேண்டாமென்று இந்தப் பந்தியின் மூலமே அவரைக் கேட்டுக்கொள்கிறேன். மியூனிக்கிலுள்ள தமிழ்க் கடைகளில் இதைப்பற்றிப் பேசாதிருப்பதும் அவரது சத்தியப்பிரமாணத்தில் அடங்குமென நம்புகிறேன்.

2. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். மன்னாரில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலையில் வரலாறு கற்பித்தவன். இந்நாட்டில் அந்தப் பட்டத்துக்கு ஈடான தகுதி ஏதுமில்லை என்று எழுத்தில் அறிவித்தார்கள். அதன் பின்னர் 2006 முதல் மேற்படி விடுதியின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறேன். என் மனைவி வெரோனிக்கா அங்கே அறைகளைத் துப்புரவு செய்கிறார்.

3. ஏறத்தாழ நூறாண்டு பழைமையான இவ்விடுதி, இவ்வாண்டுப் பனிச்சறுக்குப் பருவம் முடியும் ஏப்ரல் 6, உயிர்ப்புத் திங்களன்று, திருத்த வேலைகளுக்காக மூடப்படுகிறது. திறக்க இரண்டு ஆண்டுகளாகும் என்கிறார்கள். எங்களைத் திரும்ப அழைப்பார்களா என்பது பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. விடுதிப் பொறுப்பாளர் பதவிக்கு எனக்குப் பின் வந்த ஒருவரை நியமித்ததைப் பற்றியும், பிரியாவிடை விருந்துக்கான உணவுப்பட்டியலை என்னிடம் கேளாமல் தயாரித்ததைப் பற்றியும் இம்மனுவில் நான் முறையிடவில்லை. அவை தங்கள் பிரிவுக்கு உரியவை அல்ல.

4. முறைப்பாடு ஒரு சிலையைப் பற்றியது. சமையற்கூடத்துக்குப் பின்னால், ஊழியர் மட்டும் பயன்படுத்தும் படிக்கட்டின் திருப்பத்தில், இடுப்பளவு உயரமான ஒரு பெண்ணின் மரச்சிலை நிற்கிறது. தலையை மூடிய நீண்ட போர்வை. இடக்கை நெஞ்சில். வலக்கை முன்னால் நீட்டி எதையோ பற்றியதுபோல் மூடியிருக்கிறது. புகையும் மெழுகும் ஏறி முகம் கறுத்துவிட்டது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோதே தலைமைச் சமையற்காரர் யூட்சன் அந்தக் கையில் ஒரு செபமாலையைத் தொங்கவிட்டிருந்தார். அங்கு வேலை செய்த தமிழர் அனைவருக்கும் அது மாதா சிலை.

5. அது மாதா அல்ல என்று முதல் பருவத்திலேயே நான் சொன்னேன். காரணங்களும் சொன்னேன். தலையில் கிரீடம் இல்லை, கையில் பாலன் இயேசு இல்லை, காலடியில் பாம்பும் இல்லை. போர்வையின் கீழே ஆணி அடித்த மலைச் சப்பாத்துகள், வார்முடிச்சு உட்படச் செதுக்கப்பட்டுள்ளன. மூடிய கையில் மேலிருந்து கீழாக ஒரு துளை ஊடுருவிச் செல்கிறது. அக்காலத்தில் பனிச்சறுக்குவோர் ஒற்றை நெடுங்கோல் பிடித்தார்கள், அத்துளை அதற்குரியது. இதை நிரூபிப்பதற்காக எல்லோருக்கும் முன்னால் துளைக்குள் விரலை விட்டுக் காட்டினேன். அப்போது யூட்சன், “பாருங்கோ, தோமையார் விரலை விட்டிட்டார்!” என்றார். காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் இயேசுவின் உயிர்ப்பை நம்ப மறுத்த சீடரைச் சொன்னார். சமையற்கூடமே சிரித்தது. “மாஸ்ரர், எல்லாத்திலையும் பிழை பிடிக்கிறதுதான் உங்கட வேலை. மாதாவிலையுமோ?” என்றும் கேட்டார். அன்றிலிருந்து இவ்வட்டாரத் தமிழர் மத்தியில் எனக்குத் தோமா மாஸ்ரர் என்று பெயர். தேவாலய வாசலில் சிறுவர்கள்கூட அப்படித்தான் அழைக்கிறார்கள். யூட்சனும் நானும் வேலைக்கு வெளியே பேசிப் பல காலமாகிறது.

6. 2009 ஆம் ஆண்டு தை மாதத்தின் பின் வன்னியிலிருந்த என் மைத்துனர் ஜெசிந்தனிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. வெரோனிக்காவுக்கு இருந்தது அந்த ஒரே சகோதரம். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் அவர் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். அந்நாட்களில் நான் சப்பாத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள், சமையற்கூடத் தொலைபேசிக்கு வவுனியா முகாமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தவர் யூட்சன். அவர் அழைத்த சத்தத்தில் வெரோனிக்கா கையில் வாளியுடன் ஓடிவந்தார். ஜெசிந்தன் உயிருடன் இருந்தார். இன்றும் மன்னாரில் இருக்கிறார்.

7. அதன் பின் வெரோனிக்கா ஒரு நேர்த்தி வைத்தார். ஒவ்வோர் ஆண்டும் பருவத்தின் கடைசி நாளில், விருந்தினர் எல்லோரும் கேபிள் வண்டியில் இறங்கிய பிறகு, சிலைக்கு எண்ணெய் பூசி, நீலத் துணி சாத்தி, மன்றாட்டுமாலை சொல்வது. முதலில் நாங்கள் நால்வர். பிறகு மியூனிக்கிலிருந்து குடும்பங்கள் வரத் தொடங்கின. இப்போது படிக்கட்டு கொள்ளாமல் சமையற்கூடம் வரை நிற்கிறார்கள். முடிந்ததும் வெளியே பியர் அருந்துவோருக்கான நீண்ட மரவாங்குகளில் அமர்ந்து ரோல்சும் கடலையும் சாப்பிட்டு, கடைசி வண்டியில் இறங்குவார்கள். விடுதி முகாமையாளர் இதற்கு ஒருபோதும் தடை சொன்னதில்லை. அவர் மீது எனக்குள்ள குறைகளில் இது இல்லை.

8. ஒரு விபரத்தையும் பதிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் சிலையின் கைகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவார்கள். வெரோனிக்கா மட்டும், சறுக்குச் சப்பாத்துகள் உலர்த்தும் அறையிலிருந்து தோல் மெழுகை எடுத்துவந்து சிலையின் சப்பாத்துகளுக்குப் பூசுவார். மாதாவுக்கு ஏது சப்பாத்து என்று ஒருமுறை வீட்டில் கேட்டேன். “மாதாவும் மலையிலைதானே நிக்கிறா. சப்பாத்தில்லாமல் இந்தப் பனிக்குள்ளை நிக்க ஏலுமோ?” என்றார்.  

9. இனி முறைப்பாட்டுக்கு வருகிறேன். கடந்த மாசி மாதம் திருத்த வேலைகளுக்கு முன்னோடியாக மரச்சிற்ப நிபுணர் ஒருவர் விடுதிக்கு வந்தார். வெரோனிக்கா அன்று விடுமுறையில் இருந்தார். விளக்குப் பிடிக்க என்னை அழைத்தார்கள். சிலையைச் சுவரிலிருந்து நகர்த்தியதும் பீடத்தின் பின்புறத்தில் செதுக்கிய எழுத்துகள் தெரிந்தன. அவற்றை முதலில் வாசித்தவன் நான். கிரெசென்ஸ், இவ்வீட்டின் முதல் தலைவி, என்று இருந்தது. கோல் பிடித்துப் பனியில் ஏறி இவ்விடுதியை நடத்திய பெண்ணின் உருவம் அது. நான் சொன்னதில் ஒன்றுகூடப் பிழையில்லை.

10. இது யாரென்று ஊழியர்களுக்குத் தெரியுமா என்று நிபுணர் என்னிடம் கேட்டார். எவராவது அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமென்று இத்தனை ஆண்டுகள் நான் காத்திருந்தேன். தெரியாது என்று பதில் சொன்னேன். விளக்கைத் தொடர்ந்து பிடித்தேன். இதுவரை எவரிடமும் சொல்லவில்லை. வெரோனிக்காவிடமும் சொல்லவில்லை.

11. நிபுணரின் அறிக்கையில் ஒரு பக்கத்தின் பிரதியை முகாமையாளர் எனக்குத் தந்தார். அதில் சிலையைப் பற்றி, ‘அறியப்படாத ஊழியர்களால் எண்ணெய், மெழுகு, கையழுக்கு ஆகியவற்றால் மாசுபட்டுள்ளது, முழுமையாகத் துப்புரவு செய்யப்பட வேண்டும்’ என்று உள்ளது. அதே பக்கத்தின் மேற்பகுதியில் முன்மண்டபத்துக் கணப்படுப்பைச் சுற்றியுள்ள மரவாங்கைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சறுக்குவோர் அமர்ந்து வாங்கு குழிந்துவிட்டதாம். அது ‘பயன்பாட்டின் பெறுமதிமிக்க தடயம், மாற்றமின்றிப் பாதுகாக்கப்பட வேண்டும்’ என்று எழுதப்பட்டுள்ளது.

12. ஐயா, விருந்தினர் இருந்த இடம் தடயமென்றால், எங்கள் கை பட்ட இடம் எவ்வாறு மாசு ஆகும்? தங்கள் சட்டத்தில் இதற்கு வேறுபாடு இருக்குமாயின் அந்தப் பிரிவின் இலக்கத்தை எனக்கு அறியத்தர வேண்டும். மேலும், நாங்கள் அறியப்படாதவர்கள் அல்லர். எங்கள் பெயர்கள் வேலைநேர அட்டவணையில் ஒவ்வொரு வாரமும் சமையற்கூடக் கதவில் ஒட்டப்படுகின்றன. நிபுணர் அந்தக் கதவைத் திறந்துதான் படிக்கட்டுக்கு வந்தார்.

13. கிரெசென்ஸ் அம்மையார் மீது எனக்கு எவ்விதக் குறையும் இல்லை. அவரும் இவ்வீட்டில் உழைத்தவர். ஆனால் முன்மண்டபத்துக்கு உரியவரைப் பின்படிக்கட்டுக்கு அனுப்பியவர்கள் நாங்கள் அல்லர். அவர் யாரென்பதை அவரது வீட்டாரே மறந்து, துடைப்பங்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்த காலத்தில், அவருக்கு முன்னால் விளக்கேற்றியவர்கள் எங்கள் பெண்கள். பெயர் பிழைத்திருக்கலாம். மரியாதையில் பிழை இருந்ததாக எவரும் சொல்ல முடியாது.

14. அவசரத்துக்கான காரணம் பின்வருமாறு. ஏப்ரல் 6 ஆம் திகதி பிரியாவிடை நிகழ்வில், எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டுமென்று, முகாமையாளர் இந்தச் சிலையை முன்மண்டபத்துக்குக் கொண்டுவரப் போகிறார். அதுவரை இரகசியமாக வைத்திருக்கும்படி என்னிடம் கேட்டுள்ளார். செபமாலையைக் கழற்றி, புதிதாகச் செய்வித்த சாம்பல்மரக் கோலைக் கையில் பொருத்துவார். பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைத் திறந்து, அம்மையாரின் கதையை வாசிப்பார். தமிழ்க் குடும்பங்களையும் முறைப்படி அழைத்திருக்கிறார். யூட்சன் தேவாலயத்தில் நடத்தும் பாடகர் குழுவைப் பாடும்படி கேட்டிருக்கிறார். அவர் இதை நல்லெண்ணத்துடன் செய்கிறார் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் இதைத் தடுப்பது கடினமாக இருக்கிறது. தீய எண்ணத்துடன் செய்தால் தொழிற்சங்கத்தில் முறையிட்டிருப்பேன்.

15. அன்று யூட்சன் முன்வரிசையில் நிற்பார். தகடு திறக்கப்படும்போது அவரது முகத்தைப் பார்க்க நான் பல ஆண்டுகள் ஆசைப்பட்டவன் என்பதை மறைக்கவில்லை. தோமா மாஸ்ரர் சொன்னது சரி என்று அன்று எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவருக்குப் பக்கத்தில் வெரோனிக்கா நிற்பார், கையில் தோல் மெழுகுடன். அவரைப் பொறுத்தவரை அது கடைசி முறை. அவர் தம்பியை யாரிடம் கேட்டார், யார் தந்தார் என்பதை ஒரு பித்தளைத் தகடு அவருக்கு அறிவிக்கக் கூடாது. நான் சொன்னது சரி என்று எனக்கும் பித்தளையில் உறுதிப்படுத்தித் தர வேண்டியதில்லை.

16. ஆகவே நான் கோருவது: பட்டியலிடப்பட்ட கட்டடத்திலுள்ள பொருளைத் தங்கள் அனுமதியின்றி நகர்த்தவோ அதில் எதையும் பொருத்தவோ முடியாது என்ற விதியைப் பயன்படுத்தி, ஏப்ரல் 6 ஆம் திகதிக்கு முன்னர் முகாமையாளருக்கு ஓர் அறிவித்தல் அனுப்ப வேண்டும். காரணம் எழுதத் தேவையில்லை. காரணம் எழுதாத அறிவித்தல்கள் தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்துள்ளன. அன்றைய தினம் சிலை படிக்கட்டுத் திருப்பத்திலேயே, கையில் இருப்பது இருந்தபடியே, நிற்க வேண்டும்.

17. திருத்த வேலைகள் முடிந்த பின், எண்ணெயையும் மெழுகையும் வாங்கின் குழியைப்போலவே பயன்பாட்டின் தடயமாக அறிக்கையில் பதிந்து, சிலையை அதே இடத்தில் திரும்ப வைக்குமாறு வேண்டுகிறேன். அது இயலாதெனில், நாங்கள் இங்கிருந்து போன பிறகு அம்மையாரை முன்மண்டபத்துக்குக் கொண்டுபோகட்டும். அவருக்கு அந்த உரிமை உண்டு. அப்போதும் சப்பாத்துகளைச் சுரண்ட வேண்டாம். அவை இவ்வளவு காலம் வெடிக்காமல் இருந்ததற்கு ஒருவர் ஆண்டுதோறும் மெழுகு பூசியதே காரணம். இதையாவது நிபுணரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

18. இறுதியாக ஒரு வேண்டுகோள். தங்கள் பதிலை மேலே குறித்துள்ள விடுதி ஊழியர் அஞ்சற்பெட்டிக்கே அனுப்ப வேண்டும். எனது வீட்டு முகவரி தங்கள் அலுவலகக் கோப்பில் உண்டு. அதற்கு அனுப்ப வேண்டாம். வீட்டுக்கு வரும் அலுவலகக் கடிதங்களை என் மனைவிதான் திறப்பார். ஜெர்மன் மொழியை அவர் என்னைவிட நன்றாக வாசிப்பார்.

இணைப்பு: அறிக்கைப் பக்கத்தின் பிரதி, வாங்கின் படம், சிலையின் படம் (வெரோனிக்கா எடுத்தது).

இடம்: ஒபர்மூஸ்
திகதி: 09.03.2026

தங்கள் விரைவான நடவடிக்கையை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
அல்பேர்ட் தபோதரன்