இடது கை கொடுத்த பிள்ளையைத் திட்டியது குறித்து

கோந்து, உன் பெயருக்கு வந்த கடிதத்தை நான் பிரித்துவிட்டேன். கோவிச்சுக்காதே.

அனுப்புநர்:
சலவைக் கடையில் தேய்ப்பு வேலை பார்ப்பவள்,
குருளையர் அணியில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளையின் அம்மா.

பெறுநர்:
மாவட்டச் சாரணர் அலுவலர் அவர்கள்,
மாடி, மூன்றாவது அறை.
(கீழே கொடுத்தால் காணாமல் போகிறது. அதனால் அறையையும் எழுதியிருக்கிறேன்.)

பொருள்: பெற்றோர் அறிமுகக் கூட்டத்தில் இடது கை கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தியதும், அதற்காக என் மகளை எல்லார் முன்னாலும் திட்டியதும் – நியாயம் கேட்டு.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து என் தம்பி பெயருக்கு வந்த கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாளின் தலையில் இருக்கும் வரி தங்களுக்கு இல்லை, என் தம்பிக்கு. சின்ன வயதில் என் பாவாடையை விடாமல் ஒட்டிக்கொண்டு திரிந்ததால் வீட்டில் அவனுக்குக் கோந்து என்று பெயர். அவனுக்கு வந்த கடிதத்தை நான் இதுவரை பிரித்ததில்லை. அந்த உறுத்தல் போக அப்படி எழுதினேன். அவன் இறந்து நான்கு மாதம் ஆகிறது. இதைத் தங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை.

1. என் தம்பி அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தான். இருபத்து மூன்று வயதில் வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற நாலும் போயின. அதன்பிறகு அந்தக் கை எப்போதும் கால்சட்டைப் பையில்தான். யாருக்காவது இடது கையால் எதையாவது நீட்டினால் மரியாதை தெரியாதவன் என்பார்கள். வலது கையை எடுத்துக் காட்டினால் ஐயோ பாவம் என்பார்கள். இரண்டில் எது தேவலை என்று யோசித்து யோசித்தே வெளியே போவதைக் குறைத்துக்கொண்டான். கல்யாணமும் வேண்டாம் என்றுவிட்டான்.

2. என் மகளுக்கு ஆறு வயதானபோது பள்ளியில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான சாரணர் அணி, குருளையர் என்று பெயர், சனிக்கிழமை காலை பெற்றோர் அறிமுகக் கூட்டம், வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் அவசியம் வரவேண்டும் என்று. சனிக்கிழமை எங்கள் கடையில் ஓட்டல் படுக்கை விரிப்புகள் வந்து குவியும் நாள். லீவு கேட்டால் முதலாளி திட்ட மாட்டார், பெருமூச்சு விடுவார். அது திட்டைவிட மோசம். மகளின் அப்பா எங்களை விட்டுப் போன கதை இந்த மனுவில் சேராது. ஆகவே தம்பியின் கையைக் காலைப் பிடித்து அனுப்பிவைத்தேன்.

வாசலில் அணியை நடத்தும் டீச்சர் நின்றுகொண்டு, வருகிற எல்லாருக்கும் இடது கையை நீட்டினாராம். சாரணர்கள் இப்படித்தான் கை கொடுப்பார்கள், இது நெஞ்சுக்குப் பக்கத்துக் கை என்று சொல்லி, வந்திருந்த அப்பா அம்மாக்களையும் ஒருவருக்கொருவர் கொடுக்க வைத்தாராம். திரும்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அக்கா, இன்னைக்கு முப்பது பேர் எனக்குக் கை குடுத்தாங்க. ஒருத்தரும் கீழே பார்க்கலை" என்றான். அது சரி, பிள்ளைக்கு அங்கே என்ன சொல்லித் தருவார்கள் என்று கேட்டேன். அதைக் கவனிக்கவில்லை என்றான்.

3. அதிலிருந்து ஒவ்வொரு அறிமுகக் கூட்டத்துக்கும் வாசலில் நிற்பது அவன்தான். பக்கத்தில் கழுத்துத் துண்டு கட்டிக்கொண்டு என் மகள். பையிலிருந்த கையை அவன் வெளியே எடுத்தது அங்கேதான். பிள்ளைகள் பழகும் முடிச்சுகளை ஒன்றரைக் கையால் போட்டுக் காட்டுவான். இரண்டு கையும் முழுசாக இருக்கிற அப்பாக்கள் கயிற்றில் சிக்கிக்கொண்டு திருதிருவென்று முழிப்பார்களாம். மகள் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவாள்.

இடது கையைப் பார்த்துச் சிலர் தயங்குவதும் உண்டு. தம்பி அவர்கள் காதோரம் குனிந்து ஏதோ சொல்வானாம். உடனே சிரித்துக்கொண்டு கை கொடுத்துவிடுவார்களாம். என்ன சொன்னான் என்று மகளுக்குக் கேட்டதில்லை. அவள் உயரம் அப்படி.

4. தம்பி நுரையீரலில் நீர் கோத்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டான். அதற்கு அடுத்த கூட்டத்துக்கு, "மாமா இடத்துல நான் நிக்கறேன்" என்று மகள் கிளம்பினாள். கழுத்துத் துண்டை அவளே மடித்தாள், என்னைத் தொட விடவில்லை. பழைய டீச்சரை மாற்றிவிட்டுத் தாங்கள் அனுப்பிய புது ஒருங்கிணைப்பாளர் அன்றுதான் வந்திருக்கிறார். முதலில் வந்தவருக்கு என் மகள் இடது கையை நீட்டியிருக்கிறாள். அவர் பின்வாங்கியிருக்கிறார். அதைப் பார்த்த ஒருங்கிணைப்பாளர் எல்லார் முன்னாலும், "எந்தக் கையைக் குடுக்கணும்னுகூட உங்க வீட்டுல சொல்லித் தரலையா?" என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, சொல்லித் தந்தோம். அதைத்தான் அவள் செய்தாள்.

இதை என்னிடம் சொன்னது அங்கே இருந்த இன்னொரு பிள்ளையின் அம்மா.

5. சில பெற்றோர் இடது கை அநாகரிகம் என்று முறையிட்டார்களாம். ஆகவே இனி அறிமுகக் கூட்டத்தில் கை கொடுப்பது கிடையாது, அதற்குப் பதில் திரையில் நாற்பது படம் காட்டப்படும் என்று தங்கள் சுற்றறிக்கை சொல்கிறதாம். அந்த நாற்பதில் ஒன்பதாவது படம், இரண்டு சாரணர்கள் இடது கையால் கை குலுக்குகிற படமாம். திரையில் செய்தால் பெருமை, பிள்ளை செய்தால் அநாகரிகம் என்பது எந்தக் கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

6. தங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை வந்தேன். முதல் முறை குமாஸ்தா, "சாப்பாடா, சீருடையா, வண்டியா?" என்றார். புகார்த் தாளில் அந்த மூன்றுக்குத்தான் கட்டம் போட்டிருக்கிறது. கை என்றேன். அடிபட்டதா என்றார். இல்லை என்றேன். "அப்ப என்னம்மா புகார்?" என்றார். இரண்டாம் முறை சாப்பிடப் போயிருந்தார். நான்கு மணி வரை சாப்பிட்டார். மூன்றாம் முறை, பதிவேட்டில் பாதுகாவலர் என்று தம்பி பெயர்தான் இருக்கிறது, அவர்தான் புகார் தர முடியும் என்றார். அவன் இறந்துவிட்டான் என்றேன். "சரி, அப்ப அவரையே வந்து பேரை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். தலை நிமிராமல் சொன்னார், நான் சொன்னது காதில் விழுந்திருக்காது.

அடுத்த வாரம் தம்பி பெயருக்குக் கடிதம் வருகிறது. வரும் சனிக்கிழமை அறிமுகக் கூட்டத்துக்குத் தவறாமல் வரவும், வர இயலாவிட்டால் காரணத்தைக் கீழே எழுதவும் என்று. காரணத்துக்கு விட்டிருக்கும் இடம் என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அதனால்தான் தனித்தாளில் எழுதுகிறேன்.

7. என் மகள் இப்போது இடது கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறாள். பை இல்லாத சட்டை என்றால் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். சாப்பிடும்போது தட்டைப் பிடிப்பதில்லை, தட்டு நகர்ந்து நகர்ந்து போகிறது. குருளையர் வகுப்புக்கு வரமாட்டேன் என்கிறாள். பைக்குள் ஒளிந்த கையைப் பன்னிரண்டு வருஷம் பார்த்தவள் நான். அதை வெளியே எடுக்க வைத்தது தங்கள் கூட்டம்தான். இந்தக் கையை உள்ளே போட வைத்ததும் தங்கள் கூட்டம்தான். இன்னொரு பன்னிரண்டு வருஷம் என்னால் முடியாது ஐயா.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். இடது கை பிடிக்காதவர்கள் கொடுக்க வேண்டாம், கொடுக்கிற பிள்ளையைத் திட்டக் கூடாது என்று எழுத்தில் தர வேண்டும். ஒருங்கிணைப்பாளர் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகளுக்குக் கூச்சமாகிவிடும். சனிக்கிழமை அதே வாசலில் அவர் என் மகளுக்கு இடது கையை நீட்டினால் போதும். அவள் கையை வெளியே எடுக்க நேரமாகும். அதுவரை நீட்டிய கையை இறக்காமல் நிற்கச் சொல்லவும். பதிவேட்டில் பாதுகாவலர் இடத்தில் என் பெயரை எழுதவும். தம்பி பெயரை அடிக்க வேண்டாம், பக்கத்தில் எழுதினால் போதும்.

சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். முதலாளி இரண்டு பெருமூச்சு விட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, தம்பி நின்ற இடத்தில் நான் நிற்பேன். தாங்களும் வந்து பார்த்தால் நல்லது.

இணைப்பு: தம்பி பெயருக்கு வந்த கடிதம், பிரித்தது.

நாள்: 14, வியாழக்கிழமை
இடம்: கடையின் பின்பக்கம், விரிப்பு மடிக்கும் மேசை

நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையெழுத்து)
குருளையின் அம்மா

கோந்து, நான் இடது கையை நீட்டி, எதிரே வந்தவர் தயங்கி நின்றால் எனக்கு ஒன்றும் பேச வராது. அவர்கள் காதில் நீ என்னடா சொல்வாய்?