நெவென்காவின் இரண்டு அம்புகள்

பிரோட்,
நவம்பர் 14, 1976

மதிப்பிற்குரிய யெலிட்சா டீச்சருக்கு,

நெவென்கா நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறிவிடுவீர்கள். எட்டு வருடமாக உங்கள் மகளை வளர்க்கிறேன், ஒரு வரிகூட உங்களுக்கு எழுதியதில்லை. இப்போது ஓர் உதவி வேண்டும்.

ஜூனில் உங்கள் பள்ளியின் நுழைவுத் தேர்வை எழுதியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆனால் இயற்கணிதத்தில் உறவு, சார்பு என்று வருகிற பாடம் மட்டும் தலையில் ஏறவில்லை. ஐந்துக்கு இரண்டு வாங்கி வந்தாள். "அம்மாவுக்கு எழுதிக் கேளேன்" என்றேன்.

"கணக்கு டீச்சர் பொண்ணுக்குக் கணக்கு வரலன்னு நானே எழுதணுமா சித்தி?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் அப்பா மிலுட்டினிடம் புத்தகத்தில் இருந்த அம்புக்குறிப் படத்தைக் காட்டினேன். "எங்க காலத்துல கணக்குல நம்பர்தான் இருந்துச்சு. அம்பெல்லாம் வேட்டைக்காரன்கிட்டதான்" என்று சொல்லிவிட்டு பஸ் எடுக்கப் போய்விட்டார்.

நான் நாலாவதோடு நின்றவள். எனக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்புங்கள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கிரோஸ்தானா

*

நிஷ்,
நவம்பர் 19, 1976

அன்புள்ள கிரோஸ்தானாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். காசநோயோடு நான் மலை மருத்துவமனையில் கிடந்த காலத்தில் மிலுட்டின் பிரிந்துபோனார். நான் எழுந்து வந்தபோது நெவென்கா உங்கள் வீட்டில் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைப் பிரித்துக் கூட்டி வர மனம் வரவில்லை; அவளை அப்படி வளர்த்ததற்கு நன்றி சொல்ல வாயும் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

பாடத்துக்கு வருகிறேன். இடப்பக்கம், நீங்கள் வேலைக்குப் போகும் ஆலையில் இருக்கிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். வலப்பக்கம் காலை ஷிப்டு, மாலை ஷிப்டு. யார் எந்த ஷிப்டோ அங்கே அம்பு போடுங்கள். இப்படி இரண்டு பக்கத்தையும் அம்பால் இணைத்தால் அது உறவு. அம்பு எப்படிப் போனாலும் உறவுதான்.

சார்பு கொஞ்சம் கண்டிப்பானது. இடப்பக்கம் இருக்கிற ஒவ்வொரு பெயரிலிருந்தும் அம்பு கிளம்ப வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்றுதான். வலப்பக்கம் ஒரே இடத்தில் பல அம்புகள் வந்து குத்தலாம், அதனால் குற்றமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. அவள் இன்னும் காலுறை இல்லாமல்தான் திரிகிறாளா?

யெலிட்சா

*

பிரோட்,
பிப்ரவரி 20, 1977

அன்புள்ள யெலிட்சாவுக்கு,

காலுறை விஷயத்தில் நான் தோற்றுப்போனேன். கணக்கில் கொஞ்சம் ஜெயித்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்கே குழம்பியது. "நானும் என்கூட வேலை செய்யுற ஸ்தானாவும் காலை ஷிப்டு. ஒரே எடத்துல ரெண்டு அம்பு. இது தப்புதானே?" என்றேன்.

"ஐயோ சித்தி, அது தப்பில்ல. நீ ஒருத்தியே ரெண்டு ஷிப்டுல நின்னாத்தான் தப்பு."

"பண்டிகைக்கு முன்னாடி அப்படியும் நிக்க வைக்கிறாங்கடி."

"அப்போ அந்த வாரம் மட்டும் உங்க ஆலை சார்பு இல்ல" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு விளங்க வைக்கிற சண்டையில் அவளுக்கு விளங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களுக்கு வருத்தமாக இருக்குமோ என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். வகுப்பில் அவளுடைய கணக்கு வாத்தியார் இடப்பக்கம் பிள்ளைகளின் பெயரும் வலப்பக்கம் அம்மாக்களின் பெயரும் எழுதச் சொல்லி, சார்புக்கு உதாரணம் காட்டியிருக்கிறார். பலகைக்குப் போன நெவென்கா தன் பெயரிலிருந்து இரண்டு அம்பு போட்டிருக்கிறாள். ஒன்று உங்கள் பெயருக்கு, ஒன்று என் பெயருக்கு.

"ஒன்ன அழி. இப்படி இருந்தா இது சார்பு ஆகாது" என்றாராம்.

"ஆகாதுன்னு தெரியும் சார். உறவு ஆகும்ல?" என்று சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டாளாம்.

மறுநாள் என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். "பாடம் அவளுக்கு நல்லா தெரியுது. என்ன மார்க் போடுறதுன்னு எனக்குத்தான் தெரியல" என்றார் அந்த மனிதர்.

வீட்டுக்கு வந்து, "என் பேர அழிச்சிருக்கலாமேடி" என்றேன்.

"பசிக்குது, சாப்பாடு போடு" என்றாள்.

கிரோஸ்தானா

*

நிஷ்,
பிப்ரவரி 25, 1977

அன்புள்ள கிரோஸ்தானா,

வருத்தமா? என் பெயரும் அந்தப் பலகையில் இருந்தது என்று படித்துவிட்டு வகுப்புக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். இந்தத் தேர்வில் அவள் தேறினால் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அது தெரிந்தும் ஏன் அவளோடு உட்கார்ந்து படிக்கிறீர்கள்?

யெலிட்சா

*

பிரோட்,
ஆகஸ்ட் 28, 1977

அன்புள்ள யெலிட்சாவுக்கு,

தேறிய செய்தியை அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். நீங்கள் முன்பு கேட்டதற்கு நான் பதில் எழுதவே இல்லை. அவள் ஆசைப்பட்டாள், உட்கார்ந்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

புதன்கிழமை மிலுட்டினே பஸ்ஸில் கூட்டி வருகிறார். சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு மசித்து, அவள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஐவார் செய்து ஜாடியில் வைத்திருக்கிறேன். இடி இடித்தால் பயம், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டாள். பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தால் போதும்.

இனி அடிக்கடி எழுத மாட்டேன். நீங்கள் இருவரும் சேர்ந்து பழக வேண்டும். குறுக்கே நான் எதற்கு?

அவளை எனக்குக் கொடுத்து வைத்திருந்ததற்கு நன்றி.

கிரோஸ்தானா

*

நிஷ்,
அக்டோபர் 9, 1977

அன்புள்ள அக்கா,

நெவென்காவுக்குத்தான் நீங்கள் சித்தி. நான் இப்படி அழைக்கலாம் அல்லவா?

நெவென்கா நலம். முதல் கணக்குத் தேர்வில் ஐந்துக்கு மூன்று வாங்கினாள். "சித்தி இருந்தா சண்டை போட்டே புரிய வச்சிருக்கும். நீ ரொம்பத் தெளிவா சொல்றம்மா, தூக்கம் வருது" என்கிறாள். இருபது வருடம் பாடம் நடத்தியவளுக்கு இது தேவைதான்.

போன வாரம் இடி இடித்தது. நீங்கள் சொன்னபடியே போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "சித்தி சொல்லிக் குடுத்துச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். என் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்கு அது ஒன்பது வருடம் கழித்துக் கிடைத்தது. கொடுத்தது நீங்கள்.

பள்ளியிலிருந்து வந்ததும் உங்கள் கடிதம் வந்திருக்கிறதா என்று தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள், மூடிவிட்டு உள்ளே போகிறாள். எங்களுக்கு இடம் விடுவதாக நினைத்துத் தள்ளி நிற்காதீர்கள். இங்கே இடம் ஒன்றும் குறைவாக இல்லை.

வரும் சனிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நான் ஆசிரியை, மேசைக்கு இந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும். அந்தப் பக்கம் நெவென்காவுக்கு ஒருவர் வேண்டும். உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளி மாலை பஸ்ஸுக்கு இருவரும் வந்து நிற்கிறோம்.

உங்கள் யெலிட்சா