பூட்டுக்குள் இருந்த பிள்ளை

முகம் பார்க்கக் கொடுத்து வைக்காத என் அன்பு அத்தைக்கு,

உங்கள் மருமகள் எழுதுகிறேன். இப்படி ஒருத்தி உங்கள் வீட்டுக்கு வந்திருப்பதே உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் உங்கள் மகன் ஜெரால்டை நான் பார்த்தேன். என் பெயர் அமுதா. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். திருவொற்றியூரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. வேதக்காரப் பெண் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையை எழுப்பிச் சர்ச்சுக்குப் பூசைக்குத் துரத்துவது நான்தான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சிரிப்பார்கள் என்று வெளியில் சொல்வதில்லை. யாரைத் தொட்டாலும் அவர்கள் மனதில் இருப்பது எனக்குள் வந்துவிடும். சந்தோஷம், பயம், வயிற்றெரிச்சல் எல்லாம்தான். சில நேரம் காட்சியாகவே தெரியும். புருவம் எடுக்க வந்து உட்காரும் பெண், "இன்னா வெயிலு பாரேன்" என்று சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருப்பாள். அவள் நெற்றியில் விரல் வைத்த எனக்கு நெஞ்சை அடைக்கும். நூலை வாயில் கவ்விக்கொண்டு கண் கலங்கி நிற்பேன். முதலாளியம்மா எனக்குத் தூசி அலர்ஜி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவளுக்கு ஷேர் ஆட்டோ எப்பேர்ப்பட்ட நரகம் என்று யோசித்துப் பாருங்கள். ராயபுரத்தில் ஏறினால் திருவொற்றியூர் வரைக்கும் இந்தப் பக்கம் ஒருவர் வீட்டுச் சண்டை, அந்தப் பக்கம் ஒருவர் வேலை போன கவலை. நடுவில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றுவிட்டால் செத்தேன். ஒரு நாள் அப்படித்தான் இடிபட்டு உட்கார்ந்திருந்தேன். என் இடது பக்கம் ஒருவர் ஏறி அமர்ந்தார். தோளோடு தோள் முட்டியது. ஒன்றுமே வரவில்லை.

அத்தை, அதை எப்படிச் சொல்வது? பிறந்ததிலிருந்து காதருகே ரேடியோ ஓடிக்கொண்டிருந்த ஒருத்திக்கு அது திடீரென்று நின்றால் எப்படி இருக்கும்? திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் சும்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணூர் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேனை ஓட்டுகிறவர் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. அன்றைக்கு அவர் தோளில் சாய்ந்து தூங்கியே விட்டேன். என் ஸ்டாப்பில் எழுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் தினமும் அதே நேரத்துக்குப் போய் நின்றேன். தினமும் பக்கத்தில் இடம் கிடைத்தது. என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். கடைசியில் கேட்டதும் நான்தான்.

"யோவ், என்னைக் கட்டிக்கிறியா?"

"சரி."

"இன்னாய்யா சரி? யோசிக்க மாட்டியா?"

"இன்னாத்த யோசிக்கிறது? லீவு கேட்டுட்டு சொல்றேன்."

இப்படி ஒரு மாப்பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள்தானே பெற்றீர்கள், பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் சரி. கோபம் கிடையாது, குதூகலம் கிடையாது. சாப்பிட்டியா என்று தவறாமல் கேட்பார். காய்ச்சல் என்றால் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு நான் விழுங்கும் வரை நிற்பார். எங்கள் அப்பா இறந்தபோது பந்தல் போட்டதிலிருந்து ஐஸ் பெட்டி வரவழைத்தது வரை அவர்தான். ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. உங்கள் சாவிலும் அப்படித்தான் நின்றாராமே? வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாராம். கல்லுப் பிள்ளையைப் பெத்துட்டுப் போயிட்டா பிலோமினா என்று தெருவே பேசியதாம். உங்கள் காதில் அது விழுந்திருக்குமோ என்று நினைத்து நினைத்து எனக்கு ஆறவே இல்லை.

ஒரு நாள் கேட்டேன், "உனக்கு அழுகையே வராதா ஜெரா?"

"சின்னதுல வந்துகினு இருந்துச்சு. மம்மி பூட்டு போட்டுச்சு. நின்னுடுச்சு."

பஸ் நம்பர் சொல்கிற மாதிரி சொன்னார். அவர் அப்பா கடலுக்குப் போன போட் திரும்பி வராத கதை எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடலோரக் கருங்கல் குவியல் மேல் உட்கார்ந்து, சோறு தண்ணீர் இல்லாமல் பிள்ளை அழுதுகொண்டே இருந்ததும், தூக்கிக்கொண்டு வந்தால் திரும்ப ஓடியதும், தொண்டை புண்ணாகி எச்சிலில் ரத்தம் வந்ததும் தெரிந்தது. அப்புறம் நீங்கள் வீட்டு வாசல் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவரை நம் தெருமுனையில் மாதா சிலை இருக்கும் கெபிக்கு இழுத்துப் போனீர்கள். கவலையைப் பூட்டி மாதாவிடம் விட்டுவிட்டு வருவது நம் தெருவில் வழக்கம்தானே? கெபியைச் சுற்றியுள்ள கம்பியில் கட்டிய சங்கிலிகளில் எத்தனை பூட்டுகள் தொங்கும்! நீங்களும் பூட்டினீர்கள். சாவியைக் கடலில் எறிந்தீர்கள். பிள்ளை எழுந்து வீட்டுக்கு வந்து சோறு கேட்டது. அன்றிலிருந்து அழவில்லை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, குகைக்குள்ளே கிளி, கிளிக்குள்ளே அரக்கன் உயிர் என்று சின்ன வயதில் கேட்ட கதை ஞாபகம் வந்தது. "அப்ப நீ அரக்கனாய்யா?" என்றேன். "இருக்கும்" என்றார். அந்தப் பேச்சு அதோடு போயிற்று. உண்மையைச் சொன்னால், அவருடைய அமைதி எனக்குத் தேவையாக இருந்தது. ஊரார் பாரத்தையெல்லாம் சுமந்து வருகிறவளுக்கு அந்தத் தோள்தான் வீடு.

இந்த வருஷம் கெபித் திருவிழாவுக்கு முன்னால் தெருப் பிள்ளைகள் கூடிப் பெயின்ட் அடிக்கத் தீர்மானித்தார்கள். நல்ல பிள்ளைகள், கைக்காசு போட்டுச் செய்தார்கள். துருப்பிடித்த பூட்டுகளையெல்லாம் மெஷின் வைத்துச் சங்கிலியிலிருந்து வெட்டி எடுத்தார்கள், பூட்டியது பூட்டியபடியே.

அன்று மதியம் நல்ல கத்திரி வெயில். ஜெரால்டு பாதி வேலையில் வீட்டுக்கு வந்துவிட்டார். "குளிருது அமுதா" என்றார். போர்வை போர்த்தினேன், நடுக்கம் நிற்கவில்லை. கையைப் பிடித்தேன். எப்போதும் அதில் இருக்கும் அமைதி இல்லை. கதவு சாத்திய வீட்டுக்கும் ஆளே இல்லாத வீட்டுக்கும் வித்தியாசம் தெரியும்தானே? இது ஆள் இல்லாத வீடு. நகம் நீலமாகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினேன். முனையில் பெயின்ட் வாசனை. கெபிக் கம்பி மொட்டையாக நின்றது.

கிளியின் கழுத்தைத் திருகினால் அரக்கன் என்ன ஆவான்? "பூட்டெல்லாம் எங்கடா?" என்று கத்தினேன். "காயலாங்கடைல போட்டாச்சுக்கா" என்றான் ஒருவன். பக்கத்து வீட்டு மேரி அக்காவை ஜெரால்டிடம் உட்காரச் சொல்லிவிட்டு ஓடினேன்.

கடையில் மூட்டைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உருக்கப் போகிற சரக்கு. கடைக்கார பாயின் காலில் விழாத குறை.

"பாய், என் வூட்டுக்காரர் உயிரு இதுல கீது. தேட வுடுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் டிரைவரைப் பார்த்து, "மாமு, இன்ஜினை ஆஃப் பண்ணு. பாவம், அந்தப் பொண்ணு தேடட்டும்" என்றார். மூட்டையைத் தரையில் கொட்டினார்.

எல்லாம் துரு ஏறி ஒரே மாதிரி இருந்தன. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். அத்தை, நம் தெருவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு பூட்டில் குழந்தை இல்லாத ஒருத்தியின் ஏக்கம். ஒன்றில் குடித்துவிட்டு அடிக்கும் புருஷன் திருந்த வேண்டும் என்ற வேண்டுதல், அவனையே இன்னும் பிடித்திருக்கும் வெட்கம். ஒரு பையன் கணக்குப் பரீட்சைக்காகப் பூட்டியிருந்தான். மாமியார் சீக்கிரம் போக வேண்டும் என்று ஒரு புண்ணியவதி பூட்டியிருந்தாள், அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுகையிலும் சிரித்துவிட்டேன். எல்லாம் பழைய வாசனை மாதிரி லேசாகத்தான் இருந்தன. அவரவர் பாரம் என்றைக்கோ இறங்கியிருந்தது. இத்தனையும் நெஞ்சில் வைத்துக்கொண்டா இந்த ஜனங்கள் காசிமேட்டில் மீனுக்குப் பேரம் பேசினார்கள், குழாயடியில் என்னோடு சண்டை போட்டார்கள்? கை கூப்பத் தோன்றியது எனக்கு.

அப்புறம் ஒன்றைத் தொட்டேன். அது சுட்டது.

கருங்கல் மேல் ஒரு பிள்ளை. டீசல் வாசனை. எந்தப் போட் வந்தாலும் எழுந்து நின்று, தன் அப்பாவுடையது இல்லை என்று தெரிந்து மறுபடி உட்கார்கிற பிள்ளை. மற்றவர்கள் கவலையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நீங்கள் பயத்தில் பிள்ளையையே பூட்டிவிட்டீர்கள்.

அதற்கும் அடியில் நீங்கள் இருந்தீர்கள், அத்தை. சாவியைத் திருப்பும் உங்கள் கை. ஒருத்தரைக் கொண்டு போயிடுச்சு, இவனையாவது கடலுக்குக் குடுக்க மாட்டேன் என்ற உங்கள் வைராக்கியம். பிள்ளை பார்த்துவிடக் கூடாதென்று நீங்கள் அழாமல் விழுங்கிய அழுகை முழுவதும் அங்கேயே இருந்தது. அரக்கன் ஏன் தன் உயிரைக் கிளிக்குள் வைத்தான் என்று அந்தக் கதையில் யாரும் கேட்கவே இல்லையே! அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள். காயலாங்கடை மண்ணில் உட்கார்ந்து, உங்களை நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

"குடும்மா, ஒரே அடில தெறிக்க வுடறேன்" என்று பாய் சுத்தியலை எடுத்தார். "ஐயோ வாணாம் பாய்" என்று மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

ஜெரால்டு கையில் பூட்டை வைத்ததும் நகத்தில் நிறம் திரும்பியது. நடுக்கம் நின்றது. எனக்கு அப்போதுதான் வேறொரு பயம் பிடித்தது. அவர் பிழைத்துவிட்டார். பூட்டைப் பத்திரமாக அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், பழைய அமைதி அப்படியே கிடைக்கும். திறந்தால்? உள்ளே இருக்கிற பிள்ளைக்கு என்னைத் தெரியாதே. அவன் நெஞ்சில் அப்பா இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். எனக்கு அங்கே இடம் இருக்குமா? "சரி" என்று சொல்லிக் கட்டிக்கொண்டவருக்கு, திறந்தபின் என்னைப் பிடிக்காமல் போனால்?

ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறானே, அத்தை. தெரிந்த பிறகு எப்படி விட்டு வைப்பேன்?

"ஜெரா, இதத் தொறந்தா உனக்கு ரொம்ப வலிக்கும்."

அவர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மம்மி போட்டது. மம்மிதான் கழட்டணும்."

"மம்மி இல்லாத வூட்ல மருமகதான்யா."

"அப்ப தேங்கா எண்ணெ வுடு. ஊறட்டும். துரு வுட்டுக்கும்" என்றார். தன் உயிரையே ரிப்பேர் வேலை மாதிரி பார்க்கிற மனிதர். எண்ணெய் விட்டேன். ஊறியதும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். சத்தமே இல்லாமல் கழன்று வந்தது.

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சமையலறையைப் பார்த்தார்.

"மம்மி எங்க?" என்றார்.

"மம்மி போயிட்டாங்க, ஜெரா" என்றேன்.

அத்தை, அவர் அழுதார். உங்களுக்காக, நீங்கள் போய் இத்தனை வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் நீங்கள் செத்த மாதிரி அழுதார். அப்பாவுக்காகவும் அழுதார், ஆனால் முதலில் உங்களுக்காக. மேரி அக்கா வாசலில் மண்டியிட்டுவிட்டார். நான் ஜெரால்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் எனக்குள் வந்தது. கடல் வந்து வீட்டுக்குள் நின்ற மாதிரி இருந்தது. இப்படி ஒரு பாசத்தை உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனிதர் சரி, சரி என்று நடமாடினார்?

அழுது ஓய்ந்தபின் என் முகத்தைப் பார்த்தார்.

"ராயபுரத்துல நீ வர்ற வரைக்கும் ஒவ்வொரு ஆட்டோவா போக வுட்டுகினே நிப்பேன். ஏன் நிக்கிறேன்னு எனக்கே தெரியாது" என்றார். "இப்பதான் தெரியுது."

அவர் கையிலிருந்து வந்ததை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாமியாரிடம் சொல்கிற விஷயமா அது? இடம் இருந்தது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போதைய சேதி: உங்கள் பிள்ளைக்கு உயரம் என்றால் பயம் வந்துவிட்டது. கிரேன் ஏணியில் பாதி ஏறி இறங்கிவிட்டார். கீழே நின்று சைகை காட்டும் வேலைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கோபம் வருகிறது, குழம்பில் உப்பு போதவில்லை என்கிறார். கல்யாண வீட்டில் பெண்ணை அனுப்பும்போது பெண் வீட்டாரை விட அதிகமாக அழுகிறார், மானம் போகிறது. என் அமைதி போயே போய்விட்டது. பார்லரில் ஊரார் மனசு, வீட்டில் இவர் மனசு. ஆனாலும் வேலை முடிந்ததும் ஓட்டமாகத்தான் வருகிறேன்.

போன ஞாயிறு உங்கள் கல்லறைக்கு வந்தோம். அவர் கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். உங்களுக்குக் கேட்டிருக்கும். நான் தள்ளி நின்றேன்.

ஒரு வாக்கு தருகிறேன், அத்தை. உங்கள் பிள்ளை அழும்போது நான் பூட்டைத் தேட மாட்டேன், கூட உட்கார்ந்திருப்பேன். அப்புறம், அன்றைக்கு நீங்கள் அழாமல் விழுங்கியது இருக்கிறதே, அது இப்போது என்னிடம் இருக்கிறது. பிள்ளைக்குத் தெரியாமல் அதை நீங்கள் தனியாகச் சுமந்தது போதும். கொஞ்சம் கொஞ்சமாக, அவர் தோளில் சாய்ந்துகொண்டு, உங்களுக்காக நான் அதை அழுது முடிப்பேன்.

உங்கள் வாசலைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்
உங்கள் மருமகள்,
அமுதா