சத்தமா பண்ண ஜெபம்

செப். 6, சனி

காலைல தூறல். சபை ஊழியத்துக்குக் கொண்டுபோற கைப்பிரதிக் கட்டு நனைஞ்சுடுச்சு. பாதியை பிளாஸ்டிக் கவர்ல போட்டேன், பாதி என் துப்பட்டாவுக்குள்ள. செங்கல்பட்டுலேந்து வேன் கிளம்பவே லேட். மதுராந்தகம் தாண்டினதும் சுள்ளுனு வெயில். ச்சே, என்ன புழுக்கம்.

கடப்பாக்கத்துல வீடு வீடா போய் சந்திப்பு. ஒரு வீட்ல நாய் விரட்டுச்சு. இன்னொரு வீட்ல, "போன வாரம் குடுத்ததையே இன்னும் படிக்கலமா." நியாயம்தான்.

அப்புறம் மல்லிகா வீடு. கருவாடு விக்கிறவங்க. முதல் தடவை போனப்ப வாசலோட அனுப்பிட்டாங்க. இப்ப என் குரல் கேட்டாலே டீக்கு அடுப்பு பத்துது. அவங்க முருகனை விடல, நான் என் பைபிளை விடல, ஆனா வாய் ஓயாம பேசிப்போம். மக துர்காவும் இருந்தா. சிறுசேரில ஒரு ஆபீஸ்ல வேலை, ஹாஸ்டல், சனி ஞாயிறுக்கு ஊருக்கு வருவா.

"துர்காவுக்கு செய்யூர்ல ஒரு பையன் கூடி வந்துகீது லில்லி. ஆவணி முடியறதுக்குள்ள நிச்சயம்."

அவ உள்ள போனதும் மல்லிகா குரல் இறங்கிடுச்சு. "அதுக்கு வலிப்பு வரும்மா. காலேஜ் படிக்க சொல்ல ரெண்டு வாட்டி வுழுந்துட்சி. இப்ப மாத்திரைல நல்லா கீது. பையன் வூட்ல சொல்லல. உன் சாமிகிட்ட மட்டும் சொல்லு. வேற யாருகிட்டயும் மூச்சு வுடாத."

எங்க வேதப்படி சத்தியம் பண்ணக்கூடாது, பண்ணேன்.

சாயங்காலம் கடலோரத்துப் பழைய கோட்டைச் சுவர்கிட்ட எல்லாரும் வட்டமா நின்னு ஜெபம். எப்பவும் போல மனசுல பாரமா இருக்கிற வேண்டுதல் ஆளுக்கு ஒண்ணு, சத்தமா. என் முறை. பேர் சொல்லல. "கருவாடு விக்கிற சகோதரியோட மக, அவ வலிப்பை எடுத்துப்போடும் ஆண்டவரே, செய்யூர்ல அமைஞ்ச சம்பந்தம் தடைபடக்கூடாது"ன்னு அழுதுட்டேன். ஆமென் பலமா வந்தது. பக்கத்துல நின்ன எங்க சபை வசந்தா சிஸ்டர் என் கையை இறுக்கிப் பிடிச்சாங்க. நல்லா ஜெபிச்சோம்னு ஒரு திருப்தி, அதையும் எழுதிடறேன்.

வர்ற வழில வசந்தாவை அவங்க வீட்ல இறக்கி விட்டோம், செய்யூர்ல. தோசை மாவு வாங்க மறந்துட்டேன்.

செப். 7, ஞாயிறு

ஆராதனை. மின்விசிறி ரெண்டு ஓடல. சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணேன், வீட்டுக்காரர் தாஸ் கண்ணைத் தொறந்து, "லில்லி, நீ ஜெபம் பண்ணா டிவில நியூஸ் வாசிக்கிற மாதிரியே கீது. பக்கத்து வூட்டு சண்டை வரைக்கும் வந்துடுச்சு." கரண்டியை எடுத்து ஓங்கினேன். சிரிச்சோம்.

செப். 10, புதன்

காலைல நான் வேலை பாக்கிற ஸ்கேன் சென்டர்ல கூட்டம். ஒருத்தர் சம்சாரத்தோட ரிப்போர்ட் கேட்டு சண்டை. "புருஷன்மா நான்!" யாரா இருந்தா என்ன, அவங்களே வந்து வாங்கிக்கட்டும்னுட்டேன். நானாச்சு, ரூலாச்சு. பெருமை வேற.

சாயங்காலம் மல்லிகா போன். எடுத்த உடனே, "யாருகிட்ட சொன்ன?"

பையன் வீட்ல வேணாம்னு சொல்லிட்டாங்களாம். மூடி மறைச்சீங்களேன்னு கேட்டாங்களாம். தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு.

"யாருகிட்டயும் சொல்லல மல்லிகா. ஆண்டவர்கிட்டதான் சொன்னேன்"னேன். சொல்லும்போதே கோட்டைச் சுவர் ஞாபகம் வந்துடுச்சு. வட்டமா நின்ன எல்லாருக்கும் கண்ணுதான் மூடியிருந்தது. காது தொறந்துதானே இருந்தது.

"எங்க சொன்ன? எப்டி சொன்ன?"

சொன்னேன். ஒண்ணும் விடாம.

முழுசா கேட்டாங்க. அப்புறம், "உன் சாமிக்கு காது கேக்காதா லில்லி? அவ்ளோ சத்தமாவா சொல்லுவ?"

வெச்சுட்டாங்க. சாதம் குழைஞ்சுபோச்சு. தாஸ் ஒண்ணும் கேக்காம சாப்பிட்டார்.

செப். 11, வியாழன்

வசந்தாவுக்கு போன் பண்ணேன். திட்டறதுக்குத்தான். அவங்க முந்திக்கிட்டு அழுதாங்க. "பக்கத்து வூட்டு அக்காகிட்ட, நீங்களும் அந்த பொண்ணுக்கு வேண்டிக்கோங்கன்னு சொன்னேன் சிஸ்டர். அவங்க அந்த பையனுக்கு அத்தைன்னு எனக்கு இன்னா தெரியும்?"

என்னத்த திட்ட. நான் செஞ்சதைத்தான் அவங்களும் செஞ்சாங்க.

பாஸ்டர் ஐயாகிட்ட சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார். நல்ல மனுஷன். "நாளைக்கு உபவாசக் கூட்டத்துல இதையும் வெச்சு எல்லாருமா ஜெபிப்போம் சிஸ்டர்."

"வேணாம் ஐயா!"ன்னு கத்திட்டேன். அவர்கிட்ட இதுவரைக்கும் குரலை உசத்தினதில்ல. மன்னிப்பு கேக்கணும். கேக்கல.

செப். 13, சனி

வேன்ல போகல. தலைவலின்னு பொய். பஸ் மாறி மாறி தனியா கடப்பாக்கம்.

மல்லிகா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. "மல்லிகா"ன்னேன். நிமிரல. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கூடையை எடுத்துக்கிட்டு உள்ள போய்ட்டாங்க. டீ வாசனை இல்ல. வெயில்ல நின்னேன், எவ்ளோ நேரமோ. பக்கத்து வீட்டம்மா, "யாருமா வேணும்?" யாரும் வேணாம்னு சொல்லிட்டு நடந்தேன்.

பஸ் ஸ்டாப்புக்கு துர்கா பின்னாடியே வந்துட்டா. அடிச்சாலும் வாங்கிக்கலாம்னு நின்னேன். அவ பக்கத்துல வந்து நின்னுக்கிட்டா, அவ்ளோதான்.

"மன்னிச்சுடு துர்கா. உன் கல்யாணத்தைக் கெடுத்துட்டேன்."

"அது போனா போவுதுக்கா. நாளைக்கு அந்த செய்யூர்க்காரரு கோட்டைய பாக்கலாம்னு வரேன்னு சொல்லிக்கினு இருந்தாரு. எனக்கு வலிப்பு வரும்னு நானே அவர்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அம்மாக்குகூட தெரியாது. இன்னா சொல்றதுன்னு ஹாஸ்டல்ல கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பாத்துக்கினு இருந்தேன்."

அவ ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா.

"கேட்டுட்டு வேணாம்னு போயிருப்பாரோ என்னமோ. ஆனா என் வாயால கேட்டிருப்பாரு இல்ல?"

தலைல கை வெச்சு ஜெபிக்கிற பழக்கதோஷம், கை தானா அவ தலைக்குப் போச்சு. ஒரு அடி பின்னாடி நகர்ந்துட்டா.

"வேணாங்கா. பஸ் வருது பாரு."

ஏறினேன். ஜன்னல் சீட் கிடைச்சுது. திரும்பிப் பாக்க தைரியம் இல்ல.

செப். 14, ஞாயிறு

மழை இல்ல. சபைல இந்த வாரம் முடிவு ஜெபம் என் முறை. எழுந்து நின்னேன். கண்ணை மூடினேன். எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க. யாரோ இருமினாங்க. வாயைத் தொறக்காமலே உக்காந்துட்டேன். பாஸ்டர் ஐயாதான் ஆமென் சொன்னார்.

மத்தியானம் சாம்பார், அப்பளம். தாஸ் தூங்கறார். வெயில் தாழ்ந்துடுச்சு. இந்நேரம் துர்கா கோட்டைல நின்னு அந்தப் பையன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்திருப்பா.